வீட்டின் விலையும் வீட்டின் கதையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார்ப்பதும், அதை மீண்டும் விற்றுப் பார்ப்பதும் அதற்குக் குறைந்த சோதனையல்ல என்பதை எங்கள் குடும்பம் அனுபவத்தில் கண்டது. அந்த அனுபவத்தின் காரணமாக நான் தேடிப் படித்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பின் நம்மில் பலரும் செய்ய விரும்பும் முதற்காரியம் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுப்பதுதான். ஆதலால் இது நம் எல்லோருக்கும் உரிய செய்தி என்றே நம்புகிறேன்.

எங்கள் வீடு

என் தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. 2014-ஆம் ஆண்டு, நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றரை சென்ட் மனையில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு சிறிய வீட்டை ஆறு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். அதே தெருவில் அதே அளவு வீடுகள் ஏழரை லட்சம் வரை விலை போன காலம் அது. "உங்க ராசி, மலிவா முடியுது" என்றார் தரகர். சுவரெல்லாம் புதிதாகப் பட்டி பார்த்து வண்ணம் பூசப்பட்டிருந்தது. பிறர் வீட்டுச் சுவர்களின் ஓதத்தையும் உப்புப் பூத்ததையும் மறைத்து மறைத்துப் பழகிய என் தந்தைக்கே, அந்தப் புதுப் பூச்சைக் கண்டு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

குடிபோன மூன்றாம் மாதம், பால் ஊற்ற வந்த அம்மாள் என் தாயிடம் செய்தியைச் சொன்னார். எங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த ஓர் இளம்பெண், திருமணமாகி ஓராண்டுக்குள், அந்த உள்ளறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டாளாம். தெரு முழுவதற்கும் தெரிந்த செய்தி; எங்களுக்கு மட்டும் தெரியாது. அன்று முதல் என் தாய் மாலை விளக்கேற்றிய பின் தனியாக அந்த அறைக்குள் போகமாட்டார். ஐயர் வந்தார், புண்ணியாகவாசனம் நடந்தது, கணபதி ஹோமம் நடந்தது. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வந்தாலும், அக்காளுக்கு வரன் தட்டிப் போனாலும், "இந்த வீட்டு ராசி" என்று ஒரு சொல் எழும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால் கையில் வேறு பணம் இல்லை. பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தோம். நான் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் படித்தது அந்த அறையில்தான். பேய் எதையும் நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு அக்காளின் திருமணக் கடனை அடைக்க வீட்டை விற்க வேண்டியதாயிற்று. பதின்மூன்று லட்சம் வரை போகும் என்றார்கள். அப்போது தந்தை, "வாங்க வர்றவங்ககிட்ட அந்தப் பொண்ணு விஷயத்தைச் சொல்லிடணும்டா" என்றார். நான் உடனே, "நம்மகிட்ட யாருப்பா சொன்னாங்க? சட்டத்துல சொல்லணும்னு ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "நீதானே படிக்கிறே. நல்லாப் படிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் கிரயப் பத்திரத்தை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆகவே அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் படிக்கத் தொடங்கினேன்.

மூவகைக் குற்றங்கள்

குற்றமுள்ள வீடு என்று நாம் சொல்வதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மண்ணிலும் சுவரிலும் உள்ள குற்றம். ஏரி உள்வாயிலும் நீரோடும் வாய்க்காலிலும் எழுந்த வீடு, அடிமானம் இறங்கிய வீடு, மழைக்கு ஒழுகும் தளம் ஆகியன இவ்வகை. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் புகுந்தபோது சுவர்களில் இடுப்பளவுக்கும் ஆளுயரத்துக்கும் நீர்க்கோடு படிந்தது. ஒரு பூச்சுப் பட்டியும் இரண்டு பூச்சு வண்ணமும் அந்தக் கோட்டை மறைத்துவிடும்; அடுத்த வெள்ளத்தை மறைக்க மாட்டா.

இரண்டாவது, பத்திரத்தில் உள்ள குற்றம். அடைபடாத அடமானம், கையெழுத்திடாத பங்காளி, மைனர் பிள்ளையின் பங்கு, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவற்றை இதில் அடக்கலாம். பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்குரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டமாயிற்று. ஆயினும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்பதும், பிறகு தங்கை வழக்குத் தொடுப்பதும் இன்றும் நடக்கின்றன. மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றித் தந்தையே விற்றாலும், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி அந்தப் பிள்ளை பிற்காலத்தில் அவ்விற்பனையைச் செல்லாததாக்கக் கோரலாம்.

மூன்றாவது, மனத்தில் உள்ள குற்றம். கொலை நடந்த வீடு, துர்மரணம் நிகழ்ந்த வீடு, வாழ்ந்து கெட்டவர்கள் விட்டுச் சென்ற வீடு என்பவை இவ்வகையின. சுவர் உறுதியாயிருக்கும், பத்திரம் தூய்மையாயிருக்கும். வாங்க மட்டும் ஆள் வராது. நம் பக்கத்தில் தனிஷ்டா பஞ்சமி நட்சத்திரங்களில் மரணம் நேர்ந்தால் அவ்வறையைச் சில மாதங்கள் அடைத்து வைக்கும் வழக்கம் உண்டு. இயற்கையான மரணத்திற்கே இவ்வளவு அச்சம் என்றால், இயற்கைக்கு மாறான மரணத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

முதல் இரண்டையும் கண்டுபிடிக்கப் பொறியாளரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். மூன்றாவதற்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் எதுவும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று, பதிவு செய்யப்பட்ட கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் போன்றவற்றைக் காட்டும். அந்த வீட்டில் யார் அழுதார்கள் என்பதை அது காட்டாது.

நம் நாட்டுச் சட்டம்

சொத்து மாற்றுச் சட்டம் 1882-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 55-ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பவர் கடமைகளையும் வாங்குபவர் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. விற்பவரின் முதற்கடமையே உண்மை கூறுவதுதான். சொத்திலோ தமது உரிமையிலோ முக்கியமான குறைபாடு ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தும், வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அந்தப் பிரிவே கூறுகிறது.

இதில் என்னை வியக்க வைத்தது மற்றொரு பகுதி. வாங்குபவருக்கும் அத்தகைய கடமை உண்டு! விற்பவரின் உரிமை அவர் எண்ணியிருப்பதைவிடப் பெரியது, அதனால் சொத்தின் மதிப்பு கூடும் என்பது வாங்குபவருக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாதிருந்தால், அதை வாங்குபவர் மறைக்கக் கூடாது. ஏமாறக் கூடியவர் வாங்குபவர் மட்டுமல்லர் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது.

அப்படியானால் ஒரு மரணம் 'சொத்தில் உள்ள குறைபாடு' ஆகுமா? அந்தப் பிரிவில் மரணம் என்ற சொல்லே இல்லை. சுவரில் விரிசல் குறைபாடு. ஊர்வாயில் உள்ள பேச்சு குறைபாடு என்று அது எங்கும் எழுதவில்லை. இங்கேதான் என் வாதத்திற்கு வலுக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தையும் படித்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்தது. அதன் 17-ஆம் பிரிவு மோசடியை விளக்குகிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை உள்ள இடத்தில் மௌனமும் மோசடியே. இதற்குச் சட்டம் ஒரு குதிரையை உதாரணமாகக் காட்டுகிறது. ஏலத்தில் ஒருவன் நோயுற்ற குதிரையை விற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி அன்று. வாங்குவது அப்போதுதான் வயது வந்த அவன் சொந்த மகள் என்றால், அந்த உறவே அவனைச் சொல்லக் கடமைப்படுத்துகிறது. "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் சொன்ன பிறகும் விற்பவன் வாய் மூடியிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் ஐயத்திற்கே இடமில்லை. அது மோசடி. 19-ஆம் பிரிவின்படி, அப்பொய்யை நம்பி ஒப்புக்கொண்டவர் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். ஆகவே நம் நாட்டு நிலையைச் சுருக்கமாக இவ்வாறு சொல்லலாம்: மண்ணின் குற்றத்தையும் பத்திரத்தின் குற்றத்தையும் கேளாமலே சொல்ல வேண்டும், மனத்தின் குற்றத்தைப் பற்றிச் சட்டத்தில் தெளிவான சொல் இல்லை, ஆனால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

பிற நாடுகளில்

இந்தத் தெளிவின்மை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பெண்மணி 76,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். பத்தாண்டுகளுக்கு முன் அதில் ஒரு தாயும் நான்கு குழந்தைகளும் கொலையுண்டதைப் பக்கத்து வீட்டார் பிறகு சொன்னார். அந்த வரலாற்றால் வீட்டின் மதிப்பு 65,000 டாலர்தான் என்று அவர் வழக்குத் தொடுத்தார். 'ரீட் எதிர் கிங்' எனப்படும் அவ்வழக்கில், மறைக்கப்பட்ட செய்தியால் விலையில் அளவிடத்தக்க வேறுபாடு ஏற்பட்டது என்பதை மெய்ப்பிக்க அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பிறகு 1986-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரணத்தைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

நியூயார்க் மாநிலத்தில் 1991-இல் வந்த தீர்ப்பு நகைச்சுவையானது. நயாக் என்னும் ஊரில் ஓர் அம்மையார் தம் வீட்டில் ஆவிகள் உலவுவதாகப் பத்திரிகைகளுக்குப் பெருமையாகச் சொல்லி வந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் இதை அறியாமல் அவ்வீட்டிற்கு விலை பேசி முன்பணம் கொடுத்தார். அறிந்தபின் விலகக் கோரினார். பேய் உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சியில் நீதிமன்றம் இறங்கவில்லை. ஊரறியப் பேய் உண்டு என்றவர் இப்போது இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது பேய் வீடே என்று கூறி, வாங்கியவர் விலகிக்கொள்ள வழிவிட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றமோ 2014-இல் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. கொலையும் தற்கொலையும் நடந்த வீட்டை அச்செய்தி சொல்லப்படாமலே வாங்கிய ஒருவர் தொடுத்த வழக்கு அது. மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி வீட்டின் குறைபாடு ஆகாது, எந்த நிகழ்ச்சி எவ்வளவு உறுத்தும் என்று அளக்கக் கோல் இல்லை என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து.

ஜப்பானில் இத்தகைய வீட்டிற்கு 'ஜிகோ புக்கென்' என்று தனிப்பெயரே உண்டு. அந்நாட்டு நில, போக்குவரத்து அமைச்சகம் 2021 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முதுமையாலோ நோயாலோ நேர்ந்த மரணத்தையும், மாடிப்படியில் வழுக்கி விழுவது போன்ற விபத்தையும் பொதுவாகத் தரகர் சொல்லத் தேவையில்லை. கொலை, தற்கொலை போன்றவற்றை, வாடகை வீடானால் சுமார் மூன்று ஆண்டுகள் வரை சொல்ல வேண்டும். விற்பனைக்கு அத்தகைய கால வரம்பு கூறப்படவில்லை. இதன் பின்னால் ஒரு கருணையும் உண்டு. "இங்கேயே இறந்து போனால் வீடு கெட்டுவிடும்" என்று அஞ்சித் தனியாக வாழும் முதியோருக்கு வீடு தர மறுத்துவந்தார்கள். இயற்கை மரணம் குற்றமன்று என்று அரசே சொல்லிவிட்டால் அந்த அச்சம் குறையும் அல்லவா?

விலை ஏன் குறைகிறது?

சுவரில் ஒன்றும் தங்குவதில்லை என்று இயற்பியல் மாணவனாகிய நான் உறுதியாகச் சொல்வேன். ஆயினும் விலை குறைவது உண்மை. ஹாங்காங் நகரில் அடுக்குமாடி வீடுகளின் விற்பனைகளைப் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டபோது, துர்மரணம் நிகழ்ந்த வீட்டின் விலை சராசரியாக 20 விழுக்காடு வீழ்ந்திருக்கக் கண்டார்கள். அதே தளத்திலுள்ள வீடுகளுக்குச் சுமார் 10 விழுக்காடும், அதே கட்டடத்தில் 7 விழுக்காடும், அதே குடியிருப்பு வளாகத்தில் 1 விழுக்காடும் குறைந்தனவாம். விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குறைவது போல அச்சமும் தூரத்திற்கேற்பக் குறைகிறது!

பேயை நம்பாதவரும் குறைத்தே கேட்பார். காரணம் எளிது. தாம் நம்பாவிட்டாலும், நாளை தம்மிடம் வாங்க வருபவர் நம்புவார் என்பது அவருக்குத் தெரியும். இவ்வாறு ஒருவர் மற்றவரின் அச்சத்திற்கு அஞ்சுவதால், யாருமே முழுதாக நம்பாத ஒன்றுக்கும் சந்தையில் விலை ஏற்பட்டுவிடுகிறது. எங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் பிறப்பும் இறப்பும் வீட்டில்தான். மரணம் காணாத பழைய வீடு நம் ஊரில் ஒன்றுகூட இராது. அந்த வீடுகளில்தான் கல்யாணங்களும் நடந்தன.

எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவருக்கு மூடநம்பிக்கையாகப் படுவது மற்றொருவருக்குத் தூக்கமின்மை. பத்தாண்டுகள் மாலைக்குப் பின் ஓர் அறைக்குள் தனியே போகாத என் தாயிடம் விழுக்காட்டுக் கணக்குப் பேசி என்ன பயன்?

வாங்குவோர் கவனத்திற்கு

வீடு வாங்குவோர் மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிப் பார்ப்பது முதல் வேலை. மகள்கள், மைனர்கள் கையெழுத்தையும் அனுமதியையும் தனியே கேட்க வேண்டும். வீட்டைப் பகலில் ஒரு முறையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் பார்க்க வேண்டும். புதிதாக வண்ணம் பூசிய வீடானால், பீரோவுக்குப் பின்னும், மாடிப்படிக்கு அடியிலும், குளியலறை ஓரத்திலும் பார்க்க வேண்டும் என்பது என் தந்தை சொல்லும் தொழில் இரகசியம். பூசுபவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் இடங்கள் அவையே.

அதன் பின் தரகர் இல்லாமல் தெருவில் ஒரு முறை நடந்து, இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால்காரரிடமும் எதிர்வீட்டுப் பாட்டியிடமும் பேச வேண்டும். பத்து நிமிடத்தில் பத்தாண்டுச் செய்தி கிடைக்கும். கடைசியாக, விற்பவரிடம் சாட்சி வைத்துக்கொண்டு நேராகவே கேட்க வேண்டும்: "இந்த வீட்டைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா?" விடையைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. நாம் 2014-இல் கேட்காத கேள்வி இதுதான். கேட்டிருந்தால் எங்களுக்கும் உண்மை கிடைத்திருக்கலாம்.

முடிவு

படித்ததையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். "கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்காவிட்டால் சொல்லியாக வேண்டும் என்று தெளிவாக இல்லை" என்று முடித்தேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கேக்கத் தெரியாததாலதானேடா நாம மாட்டினோம்? கேக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயமா?" என்றார். சட்டப் புத்தகத்தில் அதற்கு நான் விடை காணவில்லை.

முதலில் வந்தவர் பதின்மூன்று லட்சத்திற்கு ஒப்புக்கொண்டு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். தந்தை விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே வந்து பணத்தைத் திரும்ப வாங்கிச் சென்றார். தரகர் எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். நானும் இரண்டு நாள் தந்தையிடம் சரியாகப் பேசவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு மாதம் கழித்து ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் மனைவியுடன் வந்தார். அவர்களிடமும் தந்தை சொன்னார். அந்த அம்மையார் சிறிது நேரம் உள்ளறையில் நின்றுவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. பத்தாண்டுகள் அவளுக்கு அஞ்சி வாழ்ந்த நாங்கள் அவள் பெயரைக் கேட்டதே இல்லை! என் தாய் பால்கார அம்மாளிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்தார். அந்தப் பெயரை இங்கே எழுதுவது முறையன்று.

கிரயம் பதினொன்றே முக்கால் லட்சத்திற்கு முடிந்தது. ஒன்றேகால் லட்சம் குறைவு. அக்காளின் இரண்டு வளையல்கள் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. இந்த விடுமுறையில் நானும் தந்தையுடன் பட்டி பார்க்கும் வேலைக்குச் சென்று அதற்குப் பணம் சேர்க்கிறேன். ஆனால் பதிவு முடிந்து சார்பதிவாளர் அலுவலகத்தின் படிகளில் இறங்கியபோது, வாங்கியவர் என் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, நாலு பேரும் காபி சாப்பிட்டுப் போகலாம்" என்றார். எங்களுக்கு விற்றவர் 2014-இல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பாராமல் விரைந்து நடந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வீடு விற்பவர் பொருளோடு அதன் கதையையும் சேர்த்தே கைமாற்ற வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்கும் துணிவைப் பெற வேண்டும். படித்தவர்களாகிய நாம், கேட்கத் தெரியாதவர்களுக்காகவும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்குத்தானே நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்?